அந்தப் பத்து நிமிடம் யார் சொன்னது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

ஒரு வேடிக்கை கேள். இதுவரை பதினெட்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அதில் ஐந்து வருடம் உயிரைக் கொடுத்து எழுதிய ஒன்றை நாலே பேர்தான் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். போகிறபோக்கில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையோ இருநூற்றுப் பன்னிரண்டு பேர்! சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, பத்து நிமிடம் கழித்துத்தான் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு அது. நீ பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தபோது சொன்னதைத்தான் அளந்து பார்த்து எழுதினேன்.

"இது உனக்கு எங்கேருந்து கிடைச்சுது?" என்றார் துறைத்தலைவர்.

"எங்கம்மா சொன்னாங்க."

"அவங்களுக்கு யார் சொன்னாங்களாம்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யாரம்மா சொன்னது? அதென்ன பத்து, ஏன் ஐந்து இல்லை?

போன வாரம் எனக்கும் லேசாகக் காய்ச்சல். போர்வையை விலக்கி, பத்து நிமிடம் காத்திருந்து, நானேதான் பார்த்துக்கொண்டேன். இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

பதிலைப் போனில் சொல்லிவிடாதே, உன் கையால் எழுதி அனுப்பு. ஆதாரத்துக்குத்தான் கேட்கிறேன். நாலு பக்கமாவது இருக்கட்டும்.

ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்