பூஜ்யமாக்கிய அரை ஆள்

கைப்பிடி சுற்றும் அந்தப் பழைய கணக்கு இயந்திரத்தை இன்று என் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். கழிக்கும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் அது மணி அடிக்குமே, அடித்தது. என்னை அறியாமல் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், "எங்க ஊர் கோயில்ல துக்க மணி அடிக்காவ, யாருன்னு பாருளா" என்பாய். நாற்காலியில் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து உன் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பிள்ளைகள் பிறக்கும் என்று கணித்துக் கொடுக்கும் வேலை நம் இருவருக்கும் வந்தது. அந்தத் தொகையைப் பார்த்துத்தான், பிரசவ விடுதி பெரியதாழைப் பக்கம் உன் ஊருக்கா, தேரிச் செம்மணல் மேடுகளுக்கு அப்பால் உள்ள ஊருக்கா என்று முடிவு செய்வார்கள். வீடு வீடாகப் போனோம். பேசியதெல்லாம் நீதான். பனையேறி மகளான நான், கடற்கரை மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதினேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் சேர்த்தே சொன்னார்கள். உடல் கரைசேராதவரைச் செத்தவர் என்று உங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உன் அப்பா தோணியோடு காணாமல் போனவர். உன் அம்மா மீன் அரிந்த கையைத் துடைத்துக்கொண்டு முதலில் அவர் பெயரைத்தான் சொன்னார்.

"அம்மா, அப்பா செத்துட்டாவ" என்றாய்.

"நீ பாத்தியாளா?" என்றார். குரல் உயரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, எழுதும்மா என்றார். எழுதினேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கடலில் போனவர்கள் பெயர்களை நீயே கோடு போட்டு அடித்தாய், உன் அப்பாவிலிருந்து தொடங்கி. அவர்களை விட்டுவைத்தால் விடுதி உன் ஊருக்கு வருமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"செத்தவங்களுக்குப் பிள்ளை பெறக்குமாளா? பொய்க் கணக்குல வார ஆஸ்பத்திரி எங்களுக்கு வேண்டாம்" என்றாய்.

பிறகு உன் ஊரில் நம் வயதுப் பெண்களில் வருடத்துக்கு எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று விகிதத்தால் பெருக்கினோம். அரை ஆளுக்கும் சற்றுக் குறைவாக வந்தது. "அரை ஆளு எப்படிளா சாவா? இடுப்புக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அரைக்குக் குறைந்ததை விட்டுவிடலாம் என்பது விதி. அதைப் பூஜ்யமாக்கினோம்.

பெயர்களை அடித்ததில் உன் ஊர்த் தொகை கொஞ்சம்தான் குறைந்தது. விடுதி தேரிக்கு அப்பால் போய்விட்டது.

பிரசவத்துக்கு நீ அம்மா வீட்டுக்குப் போன வருடம் ஐப்பசி மழை பலமாக இருந்தது. வலி எடுத்ததும் அந்த விடுதிக்குத்தான் வண்டி கட்டினார்கள். தேரி மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. பிள்ளை பிழைத்தது. உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

போன மாதம் புதுக் கணக்கெடுப்புக்காக உன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். உன் மகள் சிப்பி ஓடுகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"அவுக, நான், பேத்தி" என்றார் உன் அம்மா.

சற்றுக் காத்திருந்தேன். உன் பெயர் வரவில்லை. உன் உடலை அவர் பார்த்திருக்கிறார்.

அந்த ஊர்க் கணக்கைத்தான் இன்று போட்டேன். உன் அப்பா பெயரை நீ செய்தது போலவே அடித்தேன். இறக்கக்கூடிய பெண்களின் வரிசையில் மறுபடியும் அரைக்குக் குறைவாக ஓர் எண் வந்தது. அதை அப்படியே விட்டேன். மேலதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, அரை ஆளை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப் போகிறாய் என்று சிரித்தார், அழிக்கச் சொன்னார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் மறுத்துச் சொன்னது அது ஒன்றுதான்.