வாயாடியும் ஐந்து விதிகளும்

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை ஒன்பது மணி முதல் இவ்வீட்டின் கடல்துறை அமைச்சராக நான் பதவியேற்றுக்கொண்டேன். கடலின் நீளம் நான்கு அடி. குடிமக்கள்: இரண்டு மீன், ஒரு நத்தை, ஒரு பெரிய சிப்பி. சிப்பிக்கு அக்கா வைத்த பெயர் வாயாடி. பேசாது. ஆனால் நாள் முழுக்க வாயைப் பிளந்து, நீலச் சதையை வெளிச்சத்தில் விரித்து, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அக்காவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ரத்தத்தில் ஏதோ கோளாறு. மாதக்கணக்காகுமாம். போகும் முன் தொட்டிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். ஐந்து விதிகள். விளக்கு ஒன்பதிலிருந்து ஏழு வரை. தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது (உப்பு வற்றாதாம்). கண்ணாடியைத் தட்டக் கூடாது. சோப்புக் கையை விடக் கூடாது. உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை சட்டம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

மேலே கை நீட்டி நிழல் விழச் செய்தால் டப்பென்று மூடிக்கொள்கிறது. "சபை கலையலாம்!" என்று நிழல் காட்டினேன். மூடியது. அம்மா சிரித்துவிட்டாள். "அதப் போட்டுப் படுத்தாதடா." நான்கு நாளில் முதல் சிரிப்பு. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வாயாடியைப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

ஜூன் 7, சனி

வகுப்புப் பயல்கள் இரண்டு பேர் வந்தார்கள். சின்ன விளையாட்டு. எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வாயாடி பாதிதான் விரிகிறாள். ஓரமெல்லாம் சுருக்கம். போனில் அக்கா: "இன்னிக்கு போட்டோ எங்கடா? அவ விரிஞ்சிருக்கறதப் பாத்தாதான் எனக்குச் சோறு எறங்குது."

அனுப்பினேன். ஐந்தாம் தேதி எடுத்தது.

ஜூன் 12, வியாழன்

சிப்பியை விற்ற கடைக்கார அண்ணன் வந்தார். நிழல் காட்டினார். மூடவில்லை. மறுபடி காட்டினார்.

"மூடாமப் பொளந்துகிட்டே கெடந்தா நல்லதுக்கில்ல தம்பி. செம்பு ஏதாச்சும் உள்ள விழுந்துச்சா? துளி செம்பு போதும், இதுங்களுக்கு விஷம்."

"இல்லண்ணே."

அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கினாள். "ஞாயித்துக்கிழம இங்க கொசு மருந்து அடிச்சேன். அதுவா இருக்குமோ?"

"இருக்கலாம்க்கா."

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்போது வாயை மூடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஜூன் 13, வெள்ளி

செத்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

நாற்றம். விட்டு வைத்தால் மீன்களும் போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அம்மாதான் இரண்டு கையாலும் தூக்கி வாளியில் வைத்தாள். "அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று வாளியிடம் கேட்டாள். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு.

அவள் அந்தப் பக்கம் போனதும் பாறை இடுக்கில் கையை விட்டேன். கிடைத்தது. பச்சை பூத்திருந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

படம் அனுப்பினேன். "என் அழகி" என்று பதில் வந்தது.

கொசு மருந்து டப்பாவை அம்மா குப்பையில் போட்டுவிட்டாள். கையெல்லாம் தடிப்பு. வேறு வாங்கவா என்றால், "கடிக்கட்டும்" என்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அக்காவுக்கு முடி ஒன்றுகூட இல்லை. தயாராக வைத்திருந்த நான்கு ஜோக்கும் மறந்துவிட்டன. அம்மா மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் அக்கா கேட்டாள்:

"எப்ப செத்தா?"

"யாரு?"

"டேய். எல்லா போட்டோவுலயும் நத்த ஒரே எடத்துல ஒட்டிட்டிருக்கு. நத்த மெதுவாத்தான் போவும். இவ்ளோ மெதுவாவா?"

சிரித்துவிட்டேன். பாதியில் அது சிரிப்பாக இல்லை.

சொன்னேன். "உண்டியல் பாருங்கடா" என்று பயல்கள் முன்னால் பழைய செப்புக் காசை வாயாடியின் வாயில் போட்டது. அவள் டப்பென்று மூடியது. அவர்கள் கைதட்டியது. அவள் துப்பிய காசு பாறைக்குப் பின்னால் விழுந்தது, எடுக்கச் சோம்பல்பட்டது. அம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது, நான் போட்டுக்கொள்ள விட்டது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் வர்ற வரைக்குமாவது இருப்பான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "ஆறாவது விதிய அம்மா படிக்கவே இல்லயா?"

ஜூன் 23, திங்கள்

காலையில் அடுப்புத் திட்டில் காசை வைத்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் காசைப் பார்க்கவில்லை. தன் கைத் தடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள்.

முதல் பக்கத்தில் ஒரு திருத்தம். எனக்கு யாரும் பதவி தரவில்லை. அக்காவின் தாள் "அம்மாவுக்கு" என்றுதான் தொடங்கியது. தலைப்பையும் கடைசி வரியையும் அம்மா பார்க்கும் முன்பே கிழித்துவிட்டேன். கடைசி வரி இந்த நோட்டின் அட்டைக்குள்தான் இருக்கிறது.

6. தம்பியைத் தொட்டிப் பக்கம் விடாதே.