ராத்தா வீட்டுப் பக்கச் சுவர்

ஜூலை 5, சனி
கச்சான் காத்து. வாயெல்லாம் மண். பழைய வீட்டு ஓடு இறக்கத் தொடங்கியாச்சு. மேசன் குணம், தம்பிலுவில் ஆள், நேரத்துக்கு வந்தான்.

துணிக்கடைக்கு வந்தவங்க எல்லாம் ஒரே கதை: "என்ன ஹாஜியார், மகளுக்குக் குடுக்கிற வீடு, உடைச்சுப் போட்டு மாடி கட்டாம?"

முதிரை மரத் தூண். சுண்ணாம்புச் சுவர். கையால செஞ்ச ஜன்னல். திரும்பக் கிடைக்காத சரக்கை எறியிற யாவாரி நானில்ல. எல்லாம் இருந்த மாதிரியே வரணும்.

வாங்க: ஜன்னல் கொளுக்கி, சுண்ணாம்பு, சீனி (குணம் தேத்தண்ணியப் பாணியாக் குடிக்கான்).

ஜூலை 8, செவ்வாய்
நடு அறைச் சுவரைத் தட்டிப் பார்த்த குணம்: "மொதலாளி, உள்ளுக்கு ஒரு வளைவு கிடக்கு. பிறகு அடைச்சிருக்காங்க."

பழைய சுவர் அலுமாரியா இருக்கும். சந்தோசம். பொண்டாட்டி நஸீமாகிட்டக் கேட்டன். அவட உம்மா அவக்குக் குடுத்த வீடு, அவக்குத்தானே தெரியும். மீன் வெட்டிக்கிட்டே, தலை நிமிராம: "திறந்து பாருங்களேன்."

சுவருக்கு அங்கால அவட கூடப்பிறந்த மூத்தவ, ராத்தா வீடு. ராத்தாட புருஷன், மூத்த மச்சான், மவுத்தாகி ரெண்டு மாசம், ராத்தா இத்தாவில. மெதுவா உடைக்கச் சொல்லணும்.

ஜூலை 9, புதன்
யா அல்லாஹ்.

அலுமாரி இல்ல. கல்லு அந்தப் பக்கம் விழுந்துட்டு. ஓட்டையால வெளிச்சம். பாயில ராத்தா, கையில தஸ்பீஹ் மணி. நேர எங்களத்தான் பார்த்தா. இத்தா முடியிற வரைக்கும் அந்நிய ஆம்புள கண்ணுல படக் கூடாதவ. அவ முன்னால நானும் ஒரு மேசனும்.

குணம் துவாயால ஓட்டைய மூடி முதுகைக் குடுத்துக்கிட்டு நிக்கான்.

"மொதலாளி, நான் ஒண்டும் பார்க்கல்ல."

"பேசாம நில்லு."

கடைக்கு ஓடிட்டன். சாரன் கேட்டவருக்குத் தலகாணி உறை எடுத்துக் குடுத்திருக்கன். நாளைக்குக் காலையில முதல் வேலை, அடைக்கிறது.

ஜூலை 10, வியாழன்
சாந்து குழைச்சாச்சு. நஸீமா ஓட்டைக்கு முன்னால வந்து நிக்கா.

"அது கதவு. நானும் ராத்தாவும் சின்னதிலரிந்து போய் வந்த கதவு."

"யார் அடைச்சது?"

"மூத்த மச்சான். நம்மட கலியாணத்துக்கு முதல் வெள்ளி. வேற வீட்டு ஆம்புள வந்து இருக்கப் போறார், என்ட பொண்டாட்டி நடமாடுற இடத்துக்கு வழி கிடக்கக் கூடா எண்டார்."

வேற வீட்டு ஆம்புள. நான்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மச்சானோட சண்டைக்குப் போயிருப்பீங்க. இப்ப அவரும் இல்ல. ராத்தா தனிய."

"அப்ப தெரிஞ்சுதான் உடைக்க விட்ட?"

"எல்லாம் இருந்த மாதிரியே வரணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

கல்முனைச் சந்தையில என்ன ஒருத்தனும் ஏமாத்தினதில்ல. இவ மீன் வெட்டிக்கிட்டே ஏமாத்திட்டா.

அங்காலருந்து ராத்தாட குரல்: "தங்கச்சி, அடைக்க வேணாம் எண்டு அவர்கிட்டச் சொல்லு."

சாந்து, ஜன்னல் அடிக்குப் போச்சு. ஓட்டைக்கு இப்போதைக்கு தடிச்ச துணி.

ஜூலை 12, சனி
காத்து குறைவு. பழைய கதவு மாதிரி ஒண்டு செய்ய மரம் விசாரிச்சன். நஸீமா: "எதுக்குத் தேடுறீங்க? உங்கட கடையில கிடக்கு."

முதமுதல் கடை திறந்த நேரம் மாமி, நஸீமாட உம்மா, தந்த பலகை. "எறிஞ்சிராதீங்க" எண்டு மட்டும் சொன்னா. அண்டிலரிந்து துணி விரிச்சு வெட்டுறது அதுக்கு மேலதான். போய்ப் புரட்டினன். அடியில நம்மட கதவுகள்ற அதே பச்சை. பிணைச்சல் இருந்த துளை. துணிக் கட்டு மேல அப்படியே குந்திட்டன்.

குணம் பிடிச்சுப் பார்த்தான். வளைவுக்குக் கீழ கச்சிதம்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம், மொதலாளி?"

ராத்தாட பக்கம் எண்டன்.