பல் மருத்துவரின் நாற்காலி

பிப்ரவரி 11. இன்று எனக்கு எண்பத்தொரு வயதும் நான்கு நாட்களும் ஆகின்றன.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கண்புரையை நீக்கியாயிற்று, முழங்கால் மட்டும் இன்னும் வழக்காடுகிறது. வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், மற்றதில் பழைய செய்தித்தாள்கள்.

நம் அண்ணனைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் நேற்று முடிந்தது. துறைமுகத்தையே ஆட்டிப்படைத்த அண்ணனாக ஓர் அழகான நடிகர் வந்தார். ஏழைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். நம் அண்ணன் வேலைக்காரிக்கு ஒரு பழைய போர்வை கொடுக்கவே ஒரு வாரம் யோசிப்பார்.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை, போதாக்குறைக்குத் தங்கை என்று, கதைப்பிரதியைச் சரிபார்க்க என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். காரின் நிறம் முதல் கிடங்கின் கதவு வரை நாற்பத்திரண்டு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினேன். போலீஸ் அவரைச் சுட்டது முடிதிருத்தகத்தில் அல்ல, பல் மருத்துவரின் நாற்காலியில் என்றும் எழுதினேன். "வாயைப் பொளந்துக்கிட்டு செத்தா ஹீரோவுக்கு நல்லாவா இருக்கும், மேடம்?" என்றார் இயக்குநர். அவர் அப்படித்தான் செத்தார் என்றேன். கேட்கவில்லை.

நாற்பத்து மூன்றாவது பிழையை நான் தொடவில்லை. தொடரில் அண்ணனைக் காட்டிக்கொடுப்பவன் நீ. ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக ஊர் முணுமுணுத்ததை, எந்தப் பேச்சு உன்னை ஊரைவிட்டே துரத்தியதோ அதை, இப்போது பின்னணி இசையோடு காட்டிவிட்டார்கள். காலையில் எதிர்வீட்டுக்காரி வந்து, "கூடப்பொறந்தவனே குழி பறிச்சானே, பாவி!" என்று துக்கம் விசாரித்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் போனபிறகுதான் அந்தத் தலையாட்டல் உறைத்தது.

கடைசி வாரம் சாப்பிடும்போது அண்ணன் சொன்னது நினைவிருக்கிறதா? "திங்கக்கிழமையிலருந்து சின்னவன் என்கூட வரட்டும். துப்பாக்கி பிடிக்கப் பழகட்டும்." உனக்குப் பத்தொன்பது வயது. பெருமையாகச் சிரித்தாய்.

பல்வலி என்று வெளியே தெரிந்தால் அண்ணனுக்கு மானம் போய்விடும். அதனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவரிடம் ரகசியமாக நேரம் வாங்கித் தந்தவள் நான். போலீசுக்கு அந்த நேரத்தைச் சொன்னவளும் நான்தான்.

இதன் நகல் இயக்குநருக்கும், எதிர்வீட்டுக்காரிக்கும் போகிறது. மன்னிக்கும்படி கேட்கவில்லை, அது உன் பாடு. இரண்டாவது நாற்காலியிலிருந்து செய்தித்தாள்களை எடுத்துவிட்டேன். நன்றாக இரு. முடிந்தால் வா.

உன் அக்கா