பிரிக்காத மடிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறக்க ஒரு வாரம்தான். இடுப்பு விட்டுப்போகிறது. இன்று மட்டும் பதினொரு சீருடைப் பாவாடைகள், எல்லாம் போன வருடம் நானே தைத்தவை. மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கித் தர வேண்டுமாம். வளரும் பிள்ளைகள் என்று உள்ளே மூன்று விரல் துணி விட்டுத்தான் தைப்பேன். அம்மாக்கள் "பனைமரமா வளர்றா" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பா அது, பெருமை!

என் மகள், என் வாயாடி, மூலையில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்தாள். பத்து வயது. நாள் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

கடைசியாக வாயாடிக்கு அவள் பாவாடையைப் போட்டுப் பார்த்தேன். போன வருடம் நின்ற அதே இடத்தில் நிற்கிறது. மடிப்பைத் தொடவே வேண்டாம். இடுப்பில்தான் இரண்டு விரல் பிடித்துத் தைக்க வேண்டும்.

ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. இத்தனை பிள்ளைகளுக்கு டேப் பிடிக்கிறேனே, இவளை அளக்கத் தோணலையே எனக்கு?

ஜூன் 9, திங்கள்

டாக்டரிடம் போனோம். வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை என்று டீச்சர் சொல்லி, இரண்டு வருடமாக கவனம் நிற்க இவர் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். உயரத்தையும் எடையையும் பார்த்துவிட்டு, "பசியையும் வளர்த்தியையும் குறைக்கும்னுதானே ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினீங்களா?" என்றார்.

நிறுத்தினோம் என்றேன். வாயாடி என் முகத்தைப் பார்த்தாள்.

மூளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். "பலன் இருக்கும்மா, படிப்புல தெரியுது. வளர்ற மூளையில ரொம்ப வருஷம் கழிச்சு என்ன செய்யும்னு முழுசாத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்." அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பள்ளி நாட்களில் மட்டும் கொடுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன். ஞாயிறுதான் எனக்குத் தையல் அதிகம். மாத்திரை இல்லாவிட்டால் மெஷின் மேல் ஏறுவாள், கத்தரியை எடுப்பாள், ஆயிரம் கேள்வி கேட்பாள். அவசர வேலை இருந்த ஒரு ஞாயிறு கொடுத்தேன். வீடு அமைதியானது. அப்புறம் எல்லா ஞாயிறும். இந்த லீவு முழுக்க. அவள் படிப்புக்கா கொடுத்தேன்? எனக்காகக் கொடுத்தேன். பெத்தவ செய்யற வேலையா இது?

ஜூன் 15, ஞாயிறு

கொடுக்கவில்லை. காலையில் இரண்டு தட்டு சாப்பிட்டாள்! நூல்கண்டை வீடெல்லாம் உருட்டினாள். "ஊசிக்குக் காது இருக்கேம்மா, அதுக்குக் கேக்குமா?" எவ்வளவு நாளாச்சு இந்த வாயைக் கேட்டு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மதியம், நாளை கொடுக்க வேண்டிய சட்டையில் கத்தரி வைத்துவிட்டாள். "சனியனே, உனக்கு மாத்திரைதான் சரி" என்று கத்திவிட்டேன். அப்படியே நின்றாள். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

தையல் ஓடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை டப்பாவை அலமாரி உச்சியில் வைத்திருந்தேன். காலையில் வாயாடி தானாகவே பட்டன் பிரிக்க உட்கார்ந்தாள். தொந்தரவே இல்லை. அடங்கிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம் — சீ, என்ன புத்தி இது! மதியம் தட்டில் வைத்தது அப்படியே இருந்தபோதுதான் உறைத்தது. அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி. டப்பாவில் ஒன்று குறைந்தது.

ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். பட்டன்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னிக்கு உனக்கு நிறைய தையல் இருக்கேம்மா."

மெஷினை மூடிவிட்டேன். தையல் இல்லை, வா விளையாடலாம் என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை. இன்னும் பட்டன் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.