மழைநாள் மின்சாரம்

மாதா துணை

திருவொற்றியூர்,
மழை விட்ட ஞாயிறு

சத்தீஸ்கர் அனல்மின் நிலையத்தில் கொதிகலனோடு குடித்தனம் நடத்தும் என் அன்புக் கணவர் வால்டருக்கு ஃப்ளோரன்ஸ் எழுதுவது. நான் நலம். உங்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. முழுதும் படியுங்கள்.

புயலை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தையல் மிஷின்களை முன்னாடியே மாடிக்கு ஏற்றிவிட்டேன். கட்டில் நனைந்துவிட்டது, காய்ந்துவிடும். விடியும்போதே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாடியில் நின்றால் எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிகின்றன, தெருவில் ஒரு பல்பு எரியவில்லை. நம் வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றியது. என் தம்பி ஃப்ரெடி மொட்டை மாடியில் சோலார் தகடும் பேட்டரியும் மாட்டிய அன்று, "வெயிலு லீவு போட்டா இன்னா பண்ணுவே?" என்று கேட்டுச் சிரித்தீர்களே, அதே பேட்டரிதான்.

பின் தெரு ஷரீஃபுன்னிசா தண்ணீரில் நடந்து வந்து வாசலில் நின்றாள். உங்களோடு எண்ணூர்ப் பழைய அனல்மின் நிலையத்தின் நிலக்கரி யார்டில் வேலை பார்த்தாரே காசிம் பாய், அவள் வீட்டுக்காரர், அவருக்கு நெஞ்செல்லாம் நிலக்கரித் தூசு, இப்போது ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் முடியாது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், அதனால் இதுவரை சொல்லவில்லை. கரண்டு போனதும் மிஷின் நின்றுவிட்டது. கையிருப்பில் இருந்த சிலிண்டர் மத்தியானம் வரைக்கும்தான் வரும். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் தண்ணீர் வடியட்டும் என்கிறார்கள்.

மீன் விற்கும் அங்கம்மாவிடம் ஓடினேன். அவள் வீட்டு ஆண்கள் ஃபைபர் போட்டைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காசிம் பாயையும் மிஷினையும் அதில் வைத்து நம் வாசலுக்குக் கொண்டுவந்து, மாடிக்குத் தூக்கினார்கள். அவர் உடம்பில் எடையே இல்லை. ஃப்ரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த மிஷினை மட்டும் ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டில் நிறம் வந்தது. ஷரீஃபுன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குள் செய்தி பரவி, போனுக்குச் சார்ஜ் போடத் தெருவே படியில் நின்றது. முடியாது என்றதும் எதிர்வீட்டுத் தாமோதரனுக்குக் கோபம். "வெயிலு இன்னா உன் வூட்டு மேல மட்டுந்தான் அடிக்குதா?" என்று கேட்டார். நான் அவரை மேலே அழைத்துப்போய்க் காசிம் பாயைக் காட்டினேன். மனிதர் கீழே இறங்கி, தண்ணீருக்கு மேலே தெரிந்த முதல் படியில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களையெல்லாம் அவரே திருப்பி அனுப்பினார்.

மறுநாளும் மேகம் விலகவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே வெயில் லீவு போட்டது. தகட்டிலிருந்து வந்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சாயங்காலம் வரை தாங்காது என்று ஃப்ரெடி கையை விரித்துவிட்டான். அப்போதும் அங்கம்மாதான் கைகொடுத்தாள். ஐஸ் கொட்டகையிலிருந்த டீசல் ஜெனரேட்டரைப் போட்டில் ஏற்றி அனுப்பினாள். மாடியின் வெளித்தாழ்வாரத்தில் வைத்து ஓட்டி, புகை உள்ளே வராமல் கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினோம். பொழுது சாயும் நேரத்தில் தெருவுக்குக் கரண்டு வந்தது. அது நிலக்கரிக் கரண்டுதான். சுவிட்சைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதனால் நீங்கள் சொன்னது தப்பு என்று வாதாட நான் இதை எழுதவில்லை. வெயில் பகலில் வரும், காற்றாலைக்குக் காற்று ஆனியிலும் ஆடியிலும் வரும், ஊர் விளக்குப் போடுவதோ பொழுது போன பிறகு. நடுவில் இருக்கிற பள்ளத்தை இன்றைக்கு நிலக்கரிதான் நிரப்புகிறது. ஆனால் அந்தப் பள்ளம் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டு வருகிறது. பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரிக்குக் கொடுக்க, அத்திப்பட்டுப் பக்கம் பெரிய பேட்டரி நிலையம் கட்டுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் போய் அங்கிருக்கிற இன்ஜினியரம்மாவைப் பார்த்தேன். உங்களைக் கேட்காமல் போனேன், திட்டிக்கொள்ளுங்கள். பேட்டரி பற்றிப் படித்த பிள்ளைகள் நிறையக் கிடைக்கிறார்கள், ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் லோடு ஏறும்போது பதறாமல் கன்ட்ரோல் பேனல் முன்னால் நிற்கிற ஆள்தான் கிடைக்கவில்லை என்றார். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். பொங்கல் முடிந்து வந்து பார்க்கச் சொன்னார். பயிற்சியை அவர்களே தருவார்களாம். நெருப்பு இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கரண்டைக் காவல் காக்கிற வேலைதானே இத்தனை வருஷம் பார்த்தீர்கள்? நெருப்பு அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

காசிம் பாய் நேற்று வீட்டுக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "வால்டரு கைல சொல்லும்மா. அந்த யார்டு நமக்குச் சோறு போட்ச்சு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா போதும். அவன வந்துடச் சொல்லு." அதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பொங்கலுக்கு வாருங்கள். வந்து அந்த இடத்தைப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் மறுபடி ரயிலேறுங்கள், நானே சென்ட்ரல் வரைக்கும் வந்து ஏற்றிவிடுகிறேன். ஆனால் ஏறுவதற்கு முன்னால் ராயபுரம் டாக்டரிடம் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிட வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேச்சுக்கு நடுவில் "சிக்னல் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். வைக்கும் முன்னால் இருமல் ஆரம்பிப்பது எனக்குக் கேட்கிறது.

ஆண்டவர் உங்கள் மூச்சுக்குக் காவலாக இருப்பாராக.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்