இரண்டு கையால் திறக்கும் கத்தி

மார்ச் 4

இல்லை, கத்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கத்தி என்றுதான் கேட்டேன். மேலாளர் காதில் வாங்கவில்லை. "எல்லாத்தையும் புடுங்கி ஸ்டோர்ல பூட்டும்மா. பதிலுக்கு வேற ஏதாவது பார்த்து வாங்கு. இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தன் குடல உருவிப் போடுவான்."

நேற்று மதியம், சாப்பாட்டுக் கூடத்தில். போன் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக்கு. இரண்டு டிரில்லர்கள். ஒருவன் இடுப்புக் கத்தியால் இன்னொருவனின் கன்னத்தைக் காதிலிருந்து உதடு வரை திறந்துவிட்டான். உள்ளே கடைவாய்ப்பல் தெரிந்தது. நான் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். தட்டில் ரத்தம்.

ஊரை விட்டு, கடல் தாண்டி வந்து, மொட்டைப் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும் அறுபது ஆண்கள். ஸ்டோர் என் பொறுப்பு.

மார்ச் 5

இருபத்து மூன்று கத்திகள். எல்லாம் மடங்காதவை, கனமானவை. ஒன்று கவனித்தேன் — வலது கைக்காரர்கள் எல்லாரும் கத்தியை இடது இடுப்பில், இடது கைக்கு வாட்டமாக மாட்டியிருக்கிறார்கள். ஏன்? பந்தா, வேறென்ன.

எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர் தன்னுடையதைக் கடைசியில் கொடுத்தார். துளைக்கிற மெஷினில் கயிறு பிடிக்கிறவர். "இதுக்குப் பதிலா என்ன தரப் போற தங்கச்சி? காது குடையற குச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும். அவருடைய மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. ஜீப் டிரைவர். "இளிக்காத மாமா. கயித்துக்கிட்ட நிக்கப் போறது நீ. இவங்க இல்ல."

மார்ச் 11

மாதிரிகள் வந்தன. மூன்று.

முதலாவது பழைய கத்தியின் தம்பி. ஒதுக்கினேன்.

இரண்டாவது மல்டி டூல், கத்தியும் இடுக்கியும் ஒன்றாக மடங்கியது. கட்டைவிரலால் தள்ளினால் போதும், டிக்கென்று அலகு வெளியே நிற்கிறது. ஒரு நொடி. அந்தக் கன்னம் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

மூன்றாவதும் மல்டி டூல். இரண்டு பிடிகளையும் விரித்து, உள்ளே படுத்திருக்கும் அலகை நகத்தால் நெம்ப வேண்டும். முனை மழுங்கல். ஆனால் ரம்பப் பல். நைலான் கயிற்றை நனைத்து வைத்துப் பார்த்தேன், நாலு இழுப்பில் அறுந்தது. கீலில் மண்ணைக் கொட்டினேன், அப்போதும் திறந்தது. திறக்க ஏழு நொடி. ஏழு நொடியில் ஒரு மனிதனுக்குப் புத்தி வந்துவிடலாம்.

படிவத்தில் 'தேர்வுக்கான காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: ஒரு கையால் திறக்க முடியாது. ஆகவே பாதுகாப்பானது.

நல்ல வாக்கியம் என்று தோன்றியது.

மார்ச் 24

மூன்றாவதை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. இன்று மறுபடி சண்டை. வெறும் கை. ஒரு மூக்கு உடைந்ததோடு சரி. என் வெற்றி.

ஏப்ரல் 2

எழுத முடிய—

ஏப்ரல் 3

எழுதத்தான் வேண்டும்.

துளைக்கிற கம்பிகளைத் தூக்க, மெஷினில் சுழலும் உருளையில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியைக் கையில் பிடித்து இழுப்பது நெட்டையின் வேலை. நேற்று காலை கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அவருடைய வலது மணிக்கட்டைச் சுற்றி இழுத்தது. மெஷினை நிறுத்தும் பொத்தான் அவருக்கு எட்டாமல் அந்தப் பக்கம், அங்கே யாரும் இல்லை.

நான் இருபதடி தள்ளி, பதிவேட்டோடு.

அவர் இடது கையால் மல்டி டூலை எடுத்தார். உதறினார். திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பல் வந்தது, அலகு வரவில்லை.

"அறுங்கடா! டேய், அறுங்கடா!"

எல்லாரும் இடுப்பில் கை வைத்தார்கள். எல்லாரிடமும் நான் கொடுத்ததுதான். விரி. நெம்பு. ஒருவன் கீழே போட்டுவிட்டான். இன்னொருவன் திறந்து அறுத்தபோது, முழங்கைக்குக் கீழே தோல் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்குச் சொல் இல்லை. தேடவும் மாட்டேன்.

கயிறு பிடிக்கிறவனுக்கு முதலில் மாட்டுவது வலது கை. மிச்சம் இருப்பது இடது. அதனால் இடது இடுப்பு. முகாமில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை. பந்தாவாம்! என்ன படிச்சுக் கிழிச்சேன்?

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மேலாளரின் அறிக்கை: தொழிலாளியின் கவனக்குறைவு. வழங்கப்பட்ட கருவியை அவர் உரிய முறையில் பயன்படுத்தவில்லை. இது தலைமை அலுவலகம் போனால் நெட்டை நஷ்ட ஈடு ஒன்றுமில்லாமல் ஊர் திரும்புவார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடும்மா. அவனுக்குக் கை போச்சு. உனக்கு வேலையும் போகணுமா?"

நாளை பார்க்கலாம் என்றேன். நாளை என்ன பார்ப்பேன்? கோழை.

ஏப்ரல் 6

நெட்டையின் மச்சினன் கடப்பாரையோடு ஸ்டோருக்கு வந்தார். பட்டப்பகல். ஜன்னல் போனது, அலமாரி போனது. மூன்றாவது அடி மேசையில், என் விரலுக்கு நாலு அங்குலம் தள்ளி.

"எங்க மாமா எந்தக் கையால தொறப்பாருன்னு யோசிச்சியா? படிச்சவதானே நீ! சொல்லு!"

என் வலது மணிக்கட்டை மேசையோடு அழுத்தினார். எலும்பு நெரிந்தது. ஒரு மல்டி டூலை என் முன்னால் விட்டெறிந்தார்.

"தொற. இப்பத் தொற பார்ப்போம்."

இடது கையால் முயன்றேன். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன். வாயெல்லாம் இரும்பு, ரத்தம். திறக்கவில்லை. அவர் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.

கடைசியில் பிடி தளர்ந்தது. அழுதது அவர்தான். "எங்கக்கா போன் மேல போன் போடுறா. நான் என்னன்னு சொல்வேன்?"

படிவத்தை எடுத்தேன். காரணம் எழுதிய கட்டத்துக்குக் கீழே எழுதினேன்: இதைத் தேர்ந்தெடுத்தது நான். கயிறு பிடிப்பவர்களிடம் கேட்கவில்லை. அவர் முறையாகவே பயன்படுத்தினார். ஒரு கையால் இது திறக்காது. பெயர், தேதி. தாளில் ரத்தம் பட்டது. துடைத்துக் கொடுத்தேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதை நான் மேல குடுத்தா உனக்கு வேலை இருக்காது."

"தெரியும். குடுங்க."

ஏப்ரல் 10

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். மூன்று மணி நேரம் கேள்வி. அறிக்கையில் நெட்டையின் பெயருக்கு எதிரே இருந்த 'கவனக்குறைவு' அடிக்கப்பட்டது. அதே சொல் என் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

ஸ்டோர் சாவியை மேலாளரின் மேசையில் வைத்தேன். அறைக்கு வந்து துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன்.